முதற்பொருள் இழந்த வழிகாட்டிகள்: ஊவாத் தோட்டப்புறத்து விளையாட்டுக் கணினி பற்றி ஒரு திறனாய்வு

ஒரு நூலைத் திறனாய்வு செய்ய முற்படுவோர், அந்நூல் யாரை நோக்கி எழுதப்பட்டது என்னும் வினாவை முதலில் எழுப்புதல் வேண்டும். கவிதைக்கும் நாவலுக்கும் இவ்வினாவை நாம் தவறாது எழுப்புகின்றோம். ஆயின், அன்றாட வாழ்விற் பயன்படும் அறிவுரை எழுத்துக்களை இவ்வாறு நோக்குவார் அரிது. சமையற் குறிப்பு, மருந்துக் குறிப்பு, பொருள் வாங்குவோர்க்கான வழிகாட்டி ஆகியவற்றை இலக்கியமல்ல என்று கூறி ஒதுக்கிவிடுகின்றோம். ஒரு குடும்பத்தின் மூன்று மாத உழைப்பு எவ்வாறு செலவிடப்பட வேண்டும் என்பதனைத் தீர்மானிக்கும் எழுத்து, திறனாய்வுக்கு உட்படாது தப்பிக்கொள்வது முறையன்று.

வீட்டில் விளையாடுவதற்கான கணினியைத் தெரிவு செய்வது எவ்வாறு என்பது பற்றித் தமிழில் வெளிவரும் கட்டுரைகளையும் காணொளி உரைகளையும் நம் மாணவர் பெரிதும் நம்புகின்றனர். அவற்றின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றே. முதலிற் செயலி, அடுத்து வரைகலை அட்டை, பின்னர் தாய்ப்பலகை, ரேம், எஸ்.எஸ்.டி.; இறுதியிலே, கூத்து முடிந்தபின் மங்களம் பாடுவது போல, மின்வழங்கி பற்றி ஒரு வரி. பராமரிப்புக்கு அந்த ஒரு வரியும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. தொல்காப்பியர் செய்யுட்பொருளை முதல், கரு, உரி என வகுத்து, நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். இவ்வழிகாட்டிகளிற் கருப்பொருள் மலிந்து கிடக்கின்றது. உரிப்பொருளும் உண்டு, அது ஆசை. முதற்பொருளே இல்லை. எந்த நிலத்தில், எந்தப் பொழுதில் அந்தப் பெட்டி இயங்கப்போகின்றது என்ற நினைவு அவற்றை எழுதியோர்க்கு எழவில்லை. சென்னையிலோ கொழும்பிலோ மாடிவீட்டு அறையொன்றில் இருந்து எழுதுவோர்க்கு அது எழாமை இயல்பே. ஆனால் பசறைக்கு மேலே ஒரு லயத்தில் இருந்து வாசிப்பவனுக்கு இக்குறை பணமாகவே இழக்கப்படுகின்றது.

என் தம்பியின் அனுபவம் இங்கு பொருத்தமானது. 2023ஆம் ஆண்டு நடுப்பகுதியில் அவன் வழிகாட்டியொன்றை வரிக்கு வரி பின்பற்றி ஒரு கணினியைப் பொருத்தினான். செயலி, 2021இல் வெளிவந்த ரைசன் 5 5600ஜி. வரைகலைத் திறன் செயலியினுள்ளேயே அமைந்திருப்பதால் தனி அட்டை வேண்டியதில்லை. தெரிவில் குறையில்லை, அவ்வழிகாட்டிக்கு உரிய புகழை நான் மறுக்கவில்லை. தனித் திரை வாங்கப் பணம் போதாமையால் வீட்டுத் தொலைக்காட்சியையே திரையாக்கினான். ஐப்பசி மாதத்துப் பிற்பகலொன்றில் இடி முழங்கத் தொடங்கியதும் கணினியின் செருகியைக் கழற்றிவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். மின்னல் கூரைமேலிருந்த 'டிஷ்' அன்ரெனாவின் கம்பி வழியே தொலைக்காட்சிக்கும், அங்கிருந்து எச்.டி.எம்.ஐ. கம்பி வழியே தாய்ப்பலகைக்கும் வந்து சேர்ந்தது. இரவுப் புகைவண்டியில் அப்பலகையைக் கொழும்புக்குக் கொண்டுபோனபோது, எரிந்த அடையாளமுள்ள பொருளுக்கு உத்தரவாதம் செல்லாது என்று விற்றவர்கள் கூறிவிட்டனர். உத்தரவாதப் பத்திரத்தின் பின்புறத்தில் அது சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டே இருந்தது. வழிகாட்டியில் இருக்கவில்லை.

தெரிவின் வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஊவாத் தோட்டப்புறத்தில் கணினி வாங்குபவன் சுவரிலுள்ள துளைகளில் இருந்து தொடங்குதல் வேண்டும். நமது மின்சாரம் 230 வோல்ற்று என்பது ஏட்டுக் கணக்கு. மாலையில் அடுப்படி விளக்கும் தொலைக்காட்சியும் நீர்சூடாக்கியும் லயம் முழுவதும் ஒருசேர இயங்கும்போது, நீண்ட கம்பியின் கடைசிக் காம்பராவிலே விளக்கு மங்குவதைக் கண்ணாலேயே காணலாம். அதனினும் முக்கியமானது புவிக்கம்பி. மூன்று துளைச் செருகுவாயில் மேல்துளைக்குள் தீக்குச்சியைச் செருகி, இரண்டு முனைச் செருகியை மாட்டும் வழக்கம் நம் வீடுகளிற் பலருக்கும் தெரிந்ததே. மூன்று துளைகள் இருப்பினும் மேல்துளைக்குப் பின்னால் கம்பி இல்லாத இடங்களும் உண்டு.

கணினிப் பெட்டியைத் தொட்டவுடன் விரல் சுள்ளென்பதைப் பலரும் உணர்ந்திருப்பர். பேயுமன்று, பழுதுமன்று. மின்வழங்கியினுள் இரைச்சலை வடிகட்டுவதற்கென வைக்கப்பட்ட சிறு கொள்ளளவிகள் இரு மின்கம்பிகளிலிருந்தும் பெட்டியின் உலோகத்தோடு இணைந்துள்ளன. புவிக்கம்பி இருப்பின் அவ்வழி கசியும் சிற்றோட்டம் நிலத்துக்கு இறங்கிவிடும். இல்லையாயின், பெட்டி ஏறத்தாழ பாதி வோல்ற்றளவில், அதாவது 115 வோல்ற்றளவில் மிதக்கின்றது. ஓட்டம் மிகச் சிறிதாகையால் பொதுவாக ஆளைக் கொல்லாது, ஆனால் எச்.டி.எம்.ஐ. கம்பியையோ யு.எஸ்.பி. கம்பியையோ இயங்கும் நிலையிற் செருகும்போது அவ்வாயில்களைக் கெடுத்துவிடக்கூடும். மின்னெழுச்சிக் காப்புச் செருகுபலகை என்று விற்கப்படும் பொருளும், மிகை வோல்ற்றளவை நிலத்துக்குத் திருப்புவதையே பெரிதும் நம்பியிருக்கின்றது. நிலத்துக்கு வழியில்லாத வீட்டில் அதன் காவல் பெரும்பாலும் பெயரளவே. ஆகவே, முதற்செலவு வரைகலை அட்டைக்கன்று. தகுதிபெற்ற மின்வினைஞரைக் கொண்டு புவித்தொடுப்பைச் சோதிப்பதற்கும், கசிவோட்டம் கண்டவுடன் மின்னை வெட்டும் 'ட்ரிப் சுவிச்' இயங்குகின்றதா என்று பார்ப்பதற்குமாகும்.

இரண்டாவது செலவு மின்வழங்கி. 'கேசிங்' வாங்கினால் இலவசமாகக் கிடைப்பது என்று தரப்படும் மின்வழங்கியின் மீது 500 வாற்று என ஒட்டப்பட்டிருக்கும். அந்த எண்ணுக்கு யாரும் பொறுப்பில்லை. 2004இல் தொடங்கிய 80 பிளஸ் என்னும் சான்று, வாங்கும் மின்னில் குறைந்தது 80 விழுக்காட்டைப் பயனாக்கும் வழங்கிகளுக்குத் தரப்படுவது. அது தரத்துக்கு முழுச் சாட்சியன்றாயினும், குறைந்தபட்சம் யாரோ ஒருவர் சோதித்தார் என்பதற்குச் சாட்சி. மலிவான வழங்கி பழுதாகும்போது தனியே போவதில்லை. தாய்ப்பலகையையும் உடன் அழைத்துச் செல்லும்.

இவற்றின் பின்னரே வரைகலை அட்டை. 2022இல் வெளிவந்த என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 4090 அட்டை 450 வாற்று உண்ணும். வழிகாட்டிகளிலே அதன் புகழ் பரணி பாடப்படுகின்றது. மாறாக, தாய்ப்பலகையின் செருகுவாய் தானாகவே தரும் 75 வாற்றுக்குள் இயங்கும் அட்டைகள் உள்ளன, 2019இன் ஜி.டி.எக்ஸ். 1650 அவற்றுள் ஒன்று. டோட்டா 2, வலரன்ட், 2015இல் கணினிக்கு வந்த கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ 5 ஆகியவற்றை விளையாட விரும்பும் மாணவனுக்கு இதுவே போதும். யு.பி.எஸ். பொருத்தும் வீட்டில் இவ்வேறுபாடு தீர்க்கமானது. 650 வீ.ஏ. எனப்படும் சாதாரண யு.பி.எஸ். 400 வாற்றுக்கும் குறைவாகவே தாங்கும். அதுவும் சில நிமிடங்களுக்கே. விளையாட்டைத் தொடர்வதற்கன்று, கணினியை ஒழுங்காக நிறுத்துவதற்கே அது உதவும். அதன் மின்கலவடுக்கு மூன்று ஆண்டளவில் ஓய்ந்துவிடும் என்பதனையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

அலுவலகங்களிற் கழிக்கப்பட்ட பழைய கணினிகளை வாங்கி, அவற்றுள் சிறிய அட்டையைப் பொருத்துவோரும் நம்மிடையே உள்ளனர். இது நல்ல வழியே. எனினும் பழைய செயலிகள் பல விண்டோஸ் 11க்கு ஏற்புடையனவல்ல. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவோ 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் முடிந்துவிட்டது. சில நிறுவனங்களின் பெட்டிகளில் மின்வழங்கியின் வடிவும் செருகியும் தனித்தன்மை உடையன. பழுதானால் வேறொன்றை மாற்ற முடியாது. செயலியின் உள்வரைகலையை நம்பியிருப்போர் ரேமை ஒரே துண்டாக வாங்காது, சம அளவான இரண்டு துண்டுகளாக வாங்குதல் நன்று. நினைவகத்துக்குச் செல்லும் பாதை இரட்டிக்கின்றது. இந்த ஓர் அறிவுரைக்காக வழிகாட்டிகளை நான் பாராட்டுவேன். ஆயினும் 2025இன் பிற்பகுதியில் ரேம் விலை உலகெங்கும் ஏறியதும் அவ்வறிவுரை பழங்கதையாயிற்று.

இவ்விடத்தில் மொழியைப் பற்றியும் ஒரு சொல். 'பட்ஜெட் கணினி' என்பது இவ்வெழுத்துக்களின் செல்லச் சொல். யாருடைய பட்ஜெட்? 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. ஓர் இலட்சம் ரூபாக் கணினி அக்கணக்கில் எழுபத்துநான்கு நாட்கொழுந்து. அதுவும் அந்நாட்களில் அடுப்பு எரியாதிருந்தால். 2022இல் டொலரின் பெறுமதி சில வாரங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது, முதல்நாள் 'பட்ஜெட்' என்று அழைக்கப்பட்டது மறுமாதம் ஆடம்பரமாயிற்று. அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின் தடைப்பட்டதையும் நாம் மறந்துவிடவில்லை. 'நொடிக்கு 144 சட்டகங்கள்' என்ற பெருமையும் அவ்வாறானதே. 60 சட்டகங்களையே காட்டவல்ல தொலைக்காட்சியை வைத்திருப்பவனுக்கு எஞ்சிய 84 சட்டகங்களும் மின்கட்டணப் பட்டியலில் மட்டுமே தோன்றும்.

பராமரிப்பில் நிலமும் பொழுதும் இன்னும் கூர்மையாகச் செயற்படுகின்றன. சென்னை வெயிலுக்கென எழுதப்பட்ட நீர்க்குளிரூட்டி அறிவுரைகள் அப்புத்தளைக்கும் வெலிமடைக்கும் வேண்டியதில்லை. அங்கு காற்றே குளிர்ந்தது, செயலியுடன் வரும் சிறு விசிறி போதும். நமது பகை வேறு. விறகடுப்பு மூட்டும் காம்பராவில் புகைக்கரி எண்ணெய்ப்பசையோடு விசிறி இதழிற் படிந்துவிடும். காற்றூதி அதனை அகற்றாது. தூரிகையும் ஐசோபுரோப்பைல் அல்ககோலும் தேவைப்படும். ஊதும்போது விசிறியை விரலாற் பிடித்துக்கொள்ளுதல் வேண்டும். கட்டுப்பாடின்றிச் சுழலும் விசிறி தானே மின்னைப் பிறப்பித்துப் பலகைக்கு அனுப்பவுங்கூடும். ஆடி, ஆவணியில் வீசும் வறண்ட காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்கு மணம் தருவது. அதே காற்றுப் பெட்டிக்குள் செம்மண் தூசியையும் சேர்க்கின்றது. ஆகவே ஆவணி முடிவில் ஒருமுறை துப்புரவு. பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகல் இடி. அப்போது மின்செருகியோடு அன்ரெனாக் கம்பியையும் இணையக் கம்பியையும் கழற்றுதல் வேண்டும். மார்கழி, தையில் ஈரம். மடுல்சீமைப் பக்கத்து மூடுபனிக்குக் கதவு, சன்னல் என்ற பேதமில்லை. அக்காலத்தில் கணினியைத் துணிபோர்த்தி மூடிவைப்பதிலும் நாள்தோறும் சிறிது நேரம் இயக்குவதே மேல். உள்வெப்பம் ஈரத்தை விரட்டும். ரேமின் செப்பு விளிம்பில் பாசி படர்ந்து இயங்க மறுத்தால், பென்சில் அழிறப்பரால் மெல்லத் தேய்த்தாற் போதும். பல கணினிகள் இதனாலேயே உயிர்பெற்றுள்ளன. பல்லியும் எறும்பும் மின்வழங்கியின் வெப்பத்தை நாடிச் சென்று, தாமும் மடிந்து அதனையும் கெடுப்பன. பின்புறத் துளைகளுக்கு நுண்வலை ஒட்டுவது சில ரூபாக் காரியம்.

விளையாட்டுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று நம் விரிவுரையாளர் சிலர் வினவக்கூடும். அவ்வினாவில் நியாயமுண்டு, விளையாட்டில் இரவுகளைத் தொலைத்து வகுப்பில் உறங்குவோரை நானும் அறிவேன். ஆனால் அப்பெட்டியே ஓர் இளைஞன் தன் கையால் திறந்து, தவறிழைத்து, திருத்தக் கற்கும் முதற்பொறியாகவும் அமைகின்றது. 2021இல் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது, பதுளை மாவட்டத்துப் பொஹிட்டியாவைக் கிராமத்துப் பிள்ளைகளும் ஆசிரியரும் இணைய அலை தேடிக் காட்டுவழியே நடந்து பாறையொன்றின்மேல் ஏறிப் பாடம் நடத்தினர். அந்நிலத்தில் 100 ஜிகாபைற்று விளையாட்டொன்றை இறக்கிக்கொள்ளும்படி கூறும் வழிகாட்டியாளர், அப்பாறையை ஒருமுறையேனும் கற்பனை செய்து பார்த்திருக்க மாட்டார். அலை உள்ள நண்பனின் வீட்டிலிருந்து வெளிவன்தட்டில் பெற்றுவருவதே இங்கு நடைமுறை. எனவே தட்டு ஒன்று பட்டியலிற் சேர்தல் வேண்டும்.

என் வரிசையிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. புவித்தொடுப்பே முதற்செலவு என்றேன். அதற்குச் செப்புக்கோலொன்றை ஈரமண்ணில் ஆழ அறைதல் வேண்டும். ஆனால் லயமும் அதன் பின்புறத்து மண்ணும் அங்கு தலைமுறைகளாக வாழ்பவனுக்குச் சொந்தமல்ல. 1975இல் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளின் நிருவாகத்துக்கு மாறிய தோட்டங்களிலும் காம்பராவின் நிலை அதுவே. கணினியைத் தன் விருப்பப்படி தெரிவு செய்பவன் கோலை அறைய அனுமதி கேட்க வேண்டும். தம்பி கடையொன்றிற் பழைய தாய்ப்பலகை பேசி வைத்திருக்கின்றான், முற்பணமும் கொடுத்தாயிற்று. தோட்ட அலுவலகத்துக்குக் கொடுத்த கடிதத்துக்கு மறுமொழி வந்தபின்னரே அதனை வீட்டுக்குக் கொண்டுவருவது என்று இருக்கின்றான்.