நேராக நிற்கும் ஸ்வரம்

நாற்பது வயதுக்கு மேல் வீணை கற்க உட்காருகிறவருக்குக் காது முதிர்ந்திருக்கும்; கை பச்சைப் பிள்ளை. மார்கழிதோறும் தோடியும் பைரவியும் கேட்டு ஊறிய காது முதல் நாளே கமகத்தைத் தேடும். கைக்கோ இன்னும் மெட்டே பிடிபட்டிருக்காது. சிறுவயதில் தொடங்குகிறவர்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை. அவர்களுக்குக் காதும் கையும் சேர்ந்தே வளர்கின்றன.

வீணை தொடக்கத்தில் தாராளமாகத்தான் பழகும். வயலினில் சுருதி சேர்ந்த ஒரு ஸ்வரத்துக்கே தவம் கிடக்க வேண்டும். இங்கே 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்து காத்திருக்கின்றன. மேளம் கட்டியவர் தேர்ந்தவராக இருந்தால், அழுத்திய இடத்தில் ஸ்வரம் பேசும். வலக்கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மீட்ட, சுண்டுவிரல் பக்கத்திலுள்ள மூன்று தாளத் தந்திகளைத் தட்டும். இடக்கை விரல் நுனியில் தந்தி கோடு பதிக்கும்; துளி தேங்காயெண்ணெய் தொட்டுக்கொண்டால் விரல் தடையின்றி ஓடும்.

முதல் பாடம் மாயாமாளவகௌளை, 15ஆவது மேளகர்த்தா. சரளி வரிசையை இந்த ராகத்தில் அமைத்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. இந்தத் தேர்வின் நயம் வீணையில் கண்ணுக்கே தெரியும். சாரணித் தந்தியை வெறுமனே மீட்டினால் ஷட்ஜம். பிறகு விரல் 1, 4, 5 ஆகிய மெட்டுகளைத் தொட்டு மத்யமத்தை அடைகிறது. 7இல் பஞ்சமம், அங்கிருந்து 8, 11, 12 என்று மேல் ஷட்ஜம். கீழ்ப்பாதியின் இடைவெளிகளே மேல்பாதியிலும் அச்சாகத் திரும்புகின்றன. ஆனால் மேலே போகப் போக மெட்டுகள் நெருங்குவதால், கற்ற வடிவத்தையே கை குறுகலான இடத்தில் மறுபடி கற்க வேண்டும். அதையும் மூன்று காலத்தில்.

பெரியவர்கள் தடுமாறுவது இங்கேதான். கேட்டுப் பழகிய அசைவுகளைக் காந்தாரத்தில் சேர்க்கக் கை துறுதுறுக்கும். “சார், ஸ்வரத்தை ஆட்டாதீங்க, நேரா நிக்கட்டும்” என்பார் வயதில் இளைய ஆசிரியர். அந்தக் கண்டிப்பில் நியாயம் உண்டு. ஆட்டாமல் வாசிக்கும்போது, மீட்டிய ஒலி எழுந்து, நின்று, தேய்வது முழுதாகக் கேட்கும். ஒரு கார்வைக்கு அந்த ஒலி எவ்வளவு தாங்கும் என்று தெரியும். தாளத் தந்தியின் ஷட்ஜத்தோடு அந்தர காந்தாரம் இழையும் விதம் புரியும்.

தோடி வரும்போது இந்தப் பயிற்சியின் பலன் தெரியும். அதன் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைவது. கீழ் மெட்டில் விரலை அழுத்தித் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துத்தான் அதைக் கொண்டுவர வேண்டும். இழுப்பை எங்கே நிறுத்துவது என்று சொல்ல அங்கே மெட்டு கிடையாது. மத்யமம் அசையாமல் எங்கே நிற்கும் என்று நூறு முறை கேட்டு வைத்த காதுதான் எல்லை காட்டும். முதிர்ந்த காது கைக்கு உதவத் தொடங்குவது அந்த இடத்தில்.

பெரிய வித்வான்களின் வாசிப்பும் அப்போது வேறு மாதிரி கேட்கும். வீணை தனம்மாள் (1867–1938) ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நகத்தால் மெல்ல மீட்டியவர். அவருடைய பழைய இசைத்தட்டுகளைக் கேட்டால், ஒரு மீட்டில் எத்தனை ஸ்வரம் என்று மனம் எண்ணத் தொடங்கும். ஆசானின்றித் தானே பயின்ற எஸ். பாலசந்தர் (1927–1990) ஒரே மெட்டில் தந்தியை இழுத்து ஸ்வரங்களை அடுக்கும்போது, வியப்புக்கு முன்னால், அந்த இழுப்பு விலகாமல் போய்ச் சேரும் ஸ்வரம் காதில் படும்.

வர்ணம் வரை போவோமா என்ற கவலை பெரியவர்களுக்கு இயல்பு. போகலாம், போகாமலும் இருக்கலாம். எட்டு ஸ்வரங்களையும் ஒரே கனத்தில், சுருதி பிசகாமல் வாசிக்கக் கற்றவர், எந்தக் கச்சேரியிலும் இனி வெறுமனே தலையாட்ட மாட்டார்; எதற்குத் தலையாட்டுகிறோம் என்று அவருக்குத் தெரியும்.