ஆளில்லா நாற்காலி

மனிதனை வரையாமலே மனிதனின் துயரை ஓர் ஓவியம் பேச இயலுமா? அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹால் 1971இல் வெளியிட்ட 'மின்சார நாற்காலி' அச்சோவியத் தொகுப்பை நோக்குவார்க்கு இவ்வினா எழாமற் போகாது.

நியூயார்க் மாநிலத்துச் சிங் சிங் சிறையின் கொலைத்தண்டனை அறையைக் காட்டும் பழைய செய்திப்படமே இதற்கு மூலம். அச்சிறையில் இறுதியாக அத்தண்டனை நிறைவேறியது 1963இல். நம் திருமண அழைப்பிதழ்கள் அச்சாகும் திரை அச்சு முறையிலேயே வார்ஹால் அப்படத்தைப் பத்து வகை வண்ணச் சேர்க்கைகளில் அச்சிட்டார். வகைக்கு 250 படிகள். சிலவற்றில் நாற்காலி வண்ணத்துள் கரைந்து வெறும் வடிவமாகி நிற்கிறது.

கொலைக் கருவியைச் சுவர் அலங்காரமாக்கினார் என்று குறை கூறுவோர் உளர். அக்கவர்ச்சியே இப்படைப்பின் குற்றச்சாட்டு என்பது என் கருத்து. கோப்புகளிடையே நாளைக் கழிக்கும் எம்போன்றோர் அறிவோம்: எத்துணைக் கொடிய செய்தியும் பத்தாம் நகலில் வெறுந்தாளாகிவிடும். கொலைத்தண்டனையும் கையொப்பம், முத்திரை, எண் என்ற வரிசையிலேயே நடந்தேறுகிறது. இவ்வச்சோவியங்களின் பின்புறத்திலும் பந்துமுனைப் பேனாக் கையொப்பமும் ரப்பர் முத்திரையால் இட்ட எண்ணும் உள்ளன!

ஆயினும் ஒரு குறை எஞ்சுகிறது. அந்நாற்காலியில் அமர்ந்தவர் ஒருவரின் பெயரும் இங்கில்லை. நம் உணர்வு மரத்துப்போனதை வார்ஹால் துல்லியமாகக் காட்டுகிறார். மாண்டவர்க்காக இரங்கும் பொறுப்பையோ நம்மிடமே விட்டுவிடுகிறார். படத்தைப் புகழ்வதோடு அமையாது, அப்பொறுப்பையும் நாம் ஏற்றல் வேண்டும்.