தமிழ் உரைச் செயலாக்கத்தில் பெர்லும் பைத்தானும்: ஒரு மதிப்பீடு

உரைக் கோப்புகளில் சொற்களைத் தேடுதல், பிரித்தல், எண்ணுதல், மாற்றுதல் ஆகிய பணிகளுக்கு ஸ்கிரிப்ட் மொழிகள் பயன்படுகின்றன. எம்மொழி ஏற்றது என்று ஆராயும் ஒப்பீடுகள் பெரும்பாலும் வேகம், கற்கும் எளிமை, நூலகங்களின் எண்ணிக்கை ஆகியவற்றையே அளவுகோலாகக் கொள்கின்றன. தமிழ் உரையைக் கையாள்வோருக்கு இவை போதா. அம்மொழி தமிழ்ச் சொல்லைச் சொல்லாகவும் எழுத்தை எழுத்தாகவும் அறிகிறதா என்பதே முதற்கேள்வியாக இருத்தல் வேண்டும்.

பின்னணி

1977-இல் பெல் ஆய்வகத்தில் ஆகோ, வைன்பெர்கர், கெர்னிகன் ஆகியோர் ஆக் மொழியை உருவாக்கினர். 1987-இல் லாரி வால் வெளியிட்ட பெர்ல், ஆக், செட் முதலிய யூனிக்ஸ் கருவிகளின் திறன்களை ஒன்றிணைத்தது. சுருங்குறித்தொடர் எனப்படும் ரெகுலர் எக்ஸ்பிரஷனை மொழியின் இலக்கணத்திலேயே சேர்த்துக்கொண்டது. 1991-இல் கைடோ வான் ராசம் வெளியிட்ட பைத்தான் மொழியில் அது தனி நூலகமாக உள்ளது. பெர்லில் ஒரு வரியில் முடியும் வேலைக்குப் பைத்தானில் சில வரிகள் தேவைப்படலாம். ஆயினும் பிறர் எழுதிய நிரலைப் படிப்பதற்குப் பைத்தானே எளிது. பொதுவான ஒப்பீடுகள் இத்துடன் நின்றுவிடுகின்றன.

‘தமிழ்’ என்னும் சோதனை

‘தமிழ்’ என்ற சொல்லில் 3 எழுத்துகள் உள்ளன. ஒருங்குறியில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியீடுகளாகிறது. யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது 15 பைட்டுகளைக் கொள்கிறது.

சொல்லைக் குறிக்கப் பயன்படும் பின்சாய்கோடு-டபிள்யூ என்ற குறியைப் பைத்தானின் தரநிலை நூலகத்தில் இட்டுத் தேடினால், ‘தம’, ‘ழ’ என்னும் இரு துண்டுகளே கிடைக்கின்றன. உயிர்க்குறிகளையும் புள்ளியையும் அந்நூலகம் சொல்லின் பகுதியாகக் கொள்ளாததே காரணம். இதனால் ‘படி’, ‘படு’ ஆகிய இரண்டும் ‘பட’ என்றே பதிவாகும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. இம்முறையில் உருவாகும் சொல்லடைவும் பிழைதிருத்தியும் தொடக்கத்திலேயே தவறான தரவைக் கொண்டிருக்கும்.

பெர்ல் துணைக்குறிகளையும் சேர்த்துக்கொள்வதால் சொல் முழுமையாகக் கிடைக்கிறது. ஒருங்குறி அமைப்பின் பரிந்துரையும் இதுவே. மேலும், பின்சாய்கோடு-எக்ஸ் என்ற குறி த, மி, ழ் என மூன்று எழுத்துகளையும் பிரித்துத் தருகிறது.

குறைகள்

பெர்லிலும் கவனம் தேவை. உள்ளீட்டை யுடிஎஃப்-8 என்று அறிவிக்காவிட்டால் அது பைட்டுகளையே எண்ணி, ‘தமிழ்’ என்பதன் நீளம் 15 எனக் காட்டும். பைத்தான் 3 பதிப்பில் சரங்கள் இயல்பாகவே ஒருங்குறியில் அமைவதால் இச்சிக்கல் குறைவு. அங்கு நீளம் 5 என வரும். எனினும் அதுவும் எழுத்தெண்ணிக்கை அன்று.

ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும், எகரக் குறியும் கால் குறியும் சேர்ந்த இரு குறியீடுகளாகவும் சேமிக்க இயலும். திரையில் ஒன்றாகத் தோன்றும் ‘கொ’ ஒப்பீட்டில் வேறுபடும். எம்மொழியாயினும் தேடலுக்கு முன் இயல்பாக்கம் செய்தாக வேண்டும். அதேபோல் ‘க்ஷ’ என்பதைப் பெர்லின் எழுத்துப் பிரிப்பும் க், ஷ என இரண்டாகவே கொள்கிறது.

மதிப்பீடு

நிரல்களால் பிரிக்கப்பட்ட அட்டவணைக் கோப்புகளுக்கு ஆக் போதுமானது. ஒருமுறை செய்து முடிக்கும் தேடலுக்கும் மாற்றத்திற்கும், பழைய மொழி என ஒதுக்கப்படும் பெர்லே தமிழுக்குக் கூடுதல் பொருத்தமுடையது. பலர் சேர்ந்து நெடுங்காலம் பேணவேண்டிய திட்டங்களுக்குப் பைத்தான் ஏற்றது; தமிழ் எழுத்துகளைப் பிரித்துத் தரும் ஓப்பன்-தமிழ் போன்ற நூலகமும் அதற்கு உண்டு. ஆனால் தரநிலை நூலகத்தின் சொற்குறியை நம்பாமல், ரீஜெக்ஸ் என்ற புறநூலகத்தையோ, ஒருங்குறியில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட 128 இடங்களைக் கொண்ட தொகுதியையோ பயன்படுத்த வேண்டும். எந்த மொழியைத் தேர்ந்தாலும், ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லை முதலில் கொடுத்துச் சோதித்துப் பார்ப்பது பின்னர் நேரும் பெரும் திருத்த வேலையைத் தவிர்க்கும்.