மருட்கையும் அச்சமும்: 'என் இனிய இயந்திரா' தொடரில் ஓர் இடம்

அறிவியற் புனைகதைகளைத் திறனாய்வார் பலரும் அவற்றை அறிவியலின் மெய்ம்மை கொண்டே அளக்கின்றனர். இயந்திரம் அவ்வாறு இயங்குமா, குறித்த ஆண்டில் அது வந்ததா என்பனவே அவர்தம் வினாக்கள். இவ்வளவுகோல் இலக்கியத்திற்கு உரியதன்று. அக்கதை காண்போர் உள்ளத்தில் எழுப்பும் உணர்வு யாது, அவ்வுணர்வு எதனைப் பற்றி நிற்கின்றது என்பனவே நாம் ஆராயத்தக்கன. இதற்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இன்றும் துணைசெய்யும் என்பதை ஒரு தொலைக்காட்சித் தொடரின் ஓர் இடத்தைக் கொண்டு காண்போம்.

சுஜாதா (1935-2008) 1980-களில் 'ஆனந்த விகடன்' இதழில் எழுதிய 'என் இனிய இயந்திரா' பின்னர்த் தூர்தர்சனில் தொடராக ஒளிபரப்பாயிற்று. கதை 2021-ஆம் ஆண்டில் தொடங்குகின்றது. ஜீவா என்னும் தலைவன் ஆளும் நாட்டில் பிள்ளை பெறவும் அரசின் இசைவு வேண்டும். நிலா என்பவளின் கணவன் சிபி காணாமற் போகின்றான். அவனைத் தேடும் அவளுக்கு ரவி என்பானும், ஜீனோ என்னும் இயந்திர நாயும் துணையாகின்றனர். இறுதியில், ஜீவா மனிதனே அல்லன், ஹோலோகிராம் எனப்படும் முப்பரிமாண ஒளியுருவே என்பது வெளிப்படுகின்றது. நாம் எடுத்துக்கொண்ட இடம் இதுவே.

மருட்கைக்குப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என நான்கு நிலைக்களன்களையும், அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு நிலைக்களன்களையும் தொல்காப்பியர் வகுப்பர். இவ்விரு நான்மையும் இத்தொடரில் பின்னிக் கிடக்கின்றன. ஜீனோ விலங்கின் உருவுடையது. எனினும் அச்சம் தாராது, புதுமை பற்றிய மருட்கையும் நகையும் தருகின்றது. ஜீவாவோ பெருமையால் மருட்கையும், இறையாதலால் அச்சமும் ஒருங்கே தருகின்றான். வியந்து நோக்கப்படுவதும் அஞ்சப்படுவதும் ஒரே பொருளாய் நிற்றல் இவ்விலக்கிய வகையின் தனியியல்பு எனலாம்.

ஈண்டு ஒரு தடை எழும். ஜீவா என்று ஒருவன் இல்லையாயின், அவனைப் பற்றிய அச்சம் கயிற்றைப் பாம்பென மயங்கிய அச்சம் போல்வதன்றோ? அற்றன்று. கயிறென அறிந்த அளவில் அம்மயக்கம் நீங்கும். ஜீவா பொய்யுரு என அறிந்த பின்னரும் நிலாவின் இடர் நீங்கவில்லை. சட்டம் மெய், சிபி மறைந்தமை மெய், உருவத்தை இயக்கிய கைகளும் மெய். உரையாசிரியர்கள் சுவைப்பொருளையும் சுவையுணர்வையும் வெவ்வேறாகப் பகுத்துக் காட்டினர். அப்பகுப்பு இங்குப் பெரிதும் பயன்படுகின்றது. கண்ணுக்குத் தோன்றும் பொருள் வேறு, உணர்வைப் பிறப்பிக்கும் ஏது வேறு என இரண்டையும் பிரித்து வைத்தலே இக்காட்சியின் ஆற்றல்.

நூல் வடிவினும் தொலைக்காட்சி வடிவில் இவ்வாற்றல் மிகுகின்றது. நூலிற் படிப்போன் ஜீவாவை எழுத்தால் மட்டுமே அறிவான். தொடரைக் காண்போனோ தன் வீட்டுத் திரையில் ஓர் ஒளியுருவைக் கண்டு, அதனைத் தலைவன் எனக் கொள்கின்றான். அந்நாட்டுக் குடிகள் செய்த பிழையையே தானும் செய்திருத்தலை அவன் அப்பொழுது உணர்கின்றான். எனினும் ஒரு குறை கூறாதிருத்தல் இயலாது. குடிகளின் அச்சத்தை நிலா ஒருத்தியின் வாயிலாகவே பெரிதும் அறிகின்றோம். ஊர் கூடித் தன் அச்சத்தைத் தானே எடுத்துரைக்கும் இடத்திற்குக் கதை போதிய இடம் தரவில்லை.

இக்குறை நெல்லைச் சீமையில் இருந்து கற்பார்க்கு எளிதிற் புலப்படும். கூடங்குளம் அணுமின் நிலையத்திற்கான இந்திய-சோவியத்து உடன்படிக்கை 1988-இல் ஏற்பட்டது; கட்டுமானம் 2002-இல் தொடங்கியது; 1000 மெகாவாட்டு ஆற்றலுடைய முதல் அணுவுலை 2013-இல் இயங்கத் தொடங்கியது. இடையே 2011-இல் இடிந்தகரையில் மக்கள் திரண்டு போராடினர். இத்தொடரை வகுப்பில் ஆராய்ந்தபொழுது, கடற்கரை ஊரினரான மாணவர் ஒருவர், "ஜீவாவுக்கு உருவம் உண்டு, உண்மை இல்லை, எங்கள் ஊரில் அஞ்சப்படுவது உண்மையாக இருக்கலாம், அதற்கு உருவம் இல்லை" என்றார். அவ்வொரு தொடர் நம் ஆராய்ச்சியைத் திருத்தியது. அங்குக் கட்டடத்தின் குவிமாடங்கள் கண்ணுக்குத் தோன்றும், கதிரியக்கம் தோன்றாது. பொருளும் ஏதுவும் பிரிந்து நிற்றல் இரண்டிடத்தும் ஒன்றே. பிரியும் முறை மட்டும் தலைமாறியது.

அணுவின் சிறுமையிற் பேராற்றல் கண்டு வியக்கும் பொறியியலாரின் மருட்கையும், வலை வீசும் கடலை எண்ணி மீனவர் கொள்ளும் அச்சமும் எட்டு மெய்ப்பாடுகளில் சேர்ந்தெண்ணப்பட்டவையே. தொல்காப்பியர் ஒன்றை அறிவென்றும் மற்றொன்றை அறியாமையென்றும் பகுத்தாரல்லர். இரண்டிற்கும் நிலைக்களன் உண்டென்றே வகுத்தார். நிலைக்களன் உள்ளதனை நோயெனக் கருதி ஆற்றுதல் பொருந்தாது. அந்நிலைக்களனை ஆராய்ந்து விடை கூறுதலே முறை. நிலைய வளாகத்தினுள் பணிபுரியும் நம் மாணவர்க்கும், வெளியே கரையில் வாழும் நம் மாணவர்க்கும் இவ்வுண்மை ஒப்பவே உரியது.

2021 கடந்துவிட்டது, கதையிற் கண்ட அரசு வரவில்லை. அதனால் அக்கதை பொய்த்தது என்பார் அதனைச் சோதிடமாகக் கொண்டவரே. காணும் உருவிற்குப் பின்னே ஏதுவைத் தேடுக என அது கற்பித்த பாடம் பொய்க்கவில்லை. அறிவியற் புனைவுகளை அவை எழுப்பும் மெய்ப்பாட்டின் வழி நின்று ஆராய இளைய ஆய்வாளர் முன்வருதல் வேண்டும்.