முடிந்து வைத்த புல்

போன வருடம் சென்னைப் புத்தகக் காட்சியில் ஒரு பெண் என்னிடம் வந்து, “அண்ணா, நாவல் படிக்க ஆரம்பிக்கணும். எங்கேருந்து தொடங்கலாம்?” என்று கேட்டாள். கல்லூரி இரண்டாம் ஆண்டாம். என்னை யாரென்று அவளுக்குத் தெரியாது. இரண்டு கையிலும் பை நிறையப் புத்தகம் வைத்திருந்ததால் கேட்டிருப்பாள். நான் மடமடவென்று பத்து நாவல் சொன்னேன். முதல் பெயர் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’. போனில் குறித்துக்கொண்டு, தேங்க்ஸ் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கொஞ்ச நாள் அதை நினைத்தால் பெருமையாகத்தான் இருந்தது. மலைபடுகடாமை முழுசாகப் படித்த பிறகு கூச்சமாக இருக்கிறது.

பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது ஐந்து பாட்டு, ஆற்றுப்படை. பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொன்ன விளக்கம் இதுதான்: பரிசு பெற்றவன், பெறாதவனை வள்ளலிடம் வழிப்படுத்துவது. தேர்வில் இரண்டு மார்க். அதோடு முடிந்தது. வள்ளலைப் புகழ ஒரு சாக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் இந்தப் பாட்டுகளுக்குள் நடப்பது வேறு. வழியில் முன்பின் தெரியாத இரண்டு பேர் சந்திக்கிறார்கள். ஒருவன் வயிறு காய்ந்து வருகிறான், இன்னொருவன் நிறைந்து வருகிறான். நிறைந்தவன் நின்று, காய்ந்தவனுக்கு வழி சொல்கிறான். இத்தனைக்கும் பெரும்பாலும் அவன் கேட்கக்கூட இல்லை. அந்நியனுக்கு யோசனை சொல்வது எப்படி என்பதை ஒரு இலக்கிய வகையாகவே ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

மலைபடுகடாம் 583 அடி. செங்கண்மாவில் இருக்கும் நன்னனிடம் ஒரு கூத்தர் கூட்டத்தை அனுப்புகிறது. அந்த ஊர்தான் இன்றைய செங்கம். பாட்டில் வரும் நவிரமலை, இன்று சிவராத்திரிக்கும் பௌர்ணமிக்கும் கூட்டம் ஏறும் பருவதமலைதான் என்பார்கள். வழி சொல்கிறவன் எதிலெல்லாம் கவனமாக இருக்கிறான் பாருங்கள். பன்றிக்குக் கல் பொறி வைத்திருக்கும் பாதை இது, ராத்திரியில் போகாதே, விடிந்த பிறகு போ. தினைப்புனத்தில் யானையை விரட்டக் கவண் கல் எறிவார்கள், மரத்தின் மறைவில் ஒதுங்கிப் போ. பாசி வழுக்கும் இடத்தில் மூங்கிலையும் நாணலையும் பிடித்துக்கொள். பாம்பு பதுங்கும் குழிகள் உண்டு, பார்த்துப் போ. இவனுக்கு அந்த வழி உள்ளங்காலில் இருக்கிறது. வரைபடம் பார்த்துச் சொல்கிறவன் வாயில் பாசி வராது.

சிறுபாணாற்றுப்படையில் சொல்கிறவன் இன்னும் ஒரு படி மேலே போகிறான். அவன் முதலில் சொல்வது தன் வீட்டுக் கதையை. கூரை இற்றுப்போன அடுக்களை. அதில் குட்டி போட்ட நாய். உப்பில்லாமல் வேகவைத்த கீரை. அதையும் யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறார்கள். இதை முன்பின் தெரியாத ஒருவனிடம் ஏன் சொல்ல வேண்டும்? நல்லியக்கோடன் கொடுத்தான் என்று சொன்னால் போதாதா? போதாது. “நானும் உன்னை மாதிரிதான் இருந்தேன்” என்பது தெரிந்தால்தான் எதிரில் நிற்பவன் அந்தத் திசையில் காலை எடுத்து வைப்பான். சொல்கிறவன் தன் வெட்கத்தை முதலீடாகப் போடுகிறான். அப்புறம்தான் வழியில் கிடைக்கும் புளிச்சோறும் ஆமான் சூடும், நண்டுக் கலவையோடு வெண்சோறும் வருகின்றன.

இங்கே ஒரு சந்தேகத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்த வழிகாட்டிகள் எல்லோரும் கற்பனைப் பாத்திரங்கள். எழுதிய புலவர்கள் வள்ளலைப் பாடத்தான் எழுதினார்கள். அப்படியானால் இது காசு வாங்கிக்கொண்டு எழுதும் விமர்சனம் மாதிரிதானே? ஒரு பாதி அப்படித்தான். வழியில் பாம்பு இருக்கிறது என்று சொல்லும் பாட்டு, நன்னனிடம் ஒரு குறை இருப்பதாகச் சொல்லாது. பாதை விஷயத்தில் நேர்மை, போய்ச் சேரும் இடத்தில் மிகை. ஆற்றுப்படையின் பலவீனம் இதுதான், இதைப் பூசி மெழுக வேண்டியதில்லை. ஆனாலும் இரண்டாயிரம் வருஷம் கழித்து நம் மனசில் நிற்பது எது? வள்ளல் கொடுத்த யானையும் தேருமா? எனக்கு நிற்பது கவண் கல்லும் சாத்திய கதவும்தான்.

இந்தப் பாட்டுகள் நம் கைக்கு வந்து சேர்ந்ததற்குப் பின்னாலும் முன்பின் தெரியாத ஒருவரின் யோசனை இருக்கிறது. 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக மாற்றலாகி வந்த சேலம் இராமசாமி முதலியாரை உ.வே.சா. பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, இவர் தான் பாடம் கேட்ட அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், தலபுராணங்கள் என்று அடுக்குகிறார். முதலியார் அசரவில்லை. சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்கிறார். இல்லை. கேட்டதோடு விட்டிருந்தால் அது வெறும் மட்டம் தட்டல். அவர் ஏட்டுப் பிரதிக்கு வழி செய்து கொடுத்து, தானும் கூட உட்கார்ந்து பாடம் கேட்டார். சமணச் செய்தி புரியாதபோது உ.வே.சா. ஊரிலிருந்த சமணர்களைத் தேடிப்போய்க் கேட்டார். 1887இல் சிந்தாமணி அச்சானது. 1889இல் பத்துப்பாட்டு, அதாவது அந்த ஐந்து ஆற்றுப்படைகளும்.

இப்போது என் பத்து நாவல்களுக்கு வருகிறேன். அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது எல்லாம் வள்ளல்களின் பெயர். பாதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஜே.ஜே.வை நான் இரண்டு தடவை முப்பது பக்கத்தில் மூடி வைத்தேன் என்று சொல்லவில்லை. கதை எங்கே என்று தேடினால் வழுக்கும், அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு நட என்று சொல்லவில்லை. இதுவரை என்ன படிச்சிருக்கே, எது பிடிச்சுது என்றுகூடக் கேட்கவில்லை. ஏன்? சொன்னால் என் மரியாதை குறையும் என்ற பயம்தான். அவள் முப்பதாவது பக்கத்தில் நின்றிருந்தால், தப்பு தன் பேரில் என்றுதானே நினைத்திருப்பாள்? ‘நமக்கு இலக்கியம் வராது’ என்று ஒருத்தி முடிவு கட்டுவதற்கு ஒரு நல்ல பட்டியலே போதும். கதவைச் சாத்திக்கொண்டு கீரை தின்றதைச் சொன்ன அந்தப் பாணனுக்கு இருந்த துணிச்சல் எனக்கு இல்லை.

கேட்கிறவர்களுக்கும் இதில் ஒரு சூத்திரம் இருக்கிறது. மலை ஏறுவதோ, மாடியில் செடி வளர்ப்பதோ, கேமரா வாங்குவதோ, யாரிடமாவது யோசனை கேட்டால், “எது நல்லது?” என்று கேட்காதீர்கள். “நீங்க எங்க வழுக்கி விழுந்தீங்க?” என்று கேளுங்கள். அதற்குப் பதில் இல்லாதவர் அந்த வழியில் போகவில்லை என்று அர்த்தம்.

மலைபடுகடாமில் இன்னொரு அறிவுரை வருகிறது. பாதை பிரியும் இடத்தில், பின்னால் வருகிற புதியவர்கள் தவறிப்போகாமல் இருக்க, சந்தியைத் துடைத்துவிட்டுப் புல்லை முடிந்து போட்டுவிட்டுப் போ என்கிறது. வழி கேட்டு நடப்பவனுக்கு, கேட்ட கையோடு அடுத்தவனுக்கு அடையாளம் வைக்கும் பொறுப்பும் வந்துவிடுகிறது.

தம்பி, தங்கை, யாராக இருந்தாலும் சரி. அந்தப் பெண் இதைப் படித்தால் நல்லது. முப்பதாவது பக்கத்தில் நின்றிருந்தால் பரவாயில்லைம்மா, நானும் நின்றவன்தான். மூன்றாவது தடவைதான் உள்ளே போனேன். இது நான் முடிந்து வைக்கும் புல்.