நேர்கோடு மட்டும் போதுமா?

கல்லூரியில் வேதியியல் பயின்றவர்களுக்கு மெத்தில் அசிட்டேட் நீராற்பகுப்புச் சோதனை நன்கு நினைவிருக்கும். எஸ்டருடன் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்து, குறித்த இடைவெளிகளில் 5 மி.லி. கலவையைப் பிப்பெட்டில் எடுத்து, பனிக்கட்டி நீரில் ஊற்றி வினையைத் தணித்து, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலால் தரம்பார்க்கிறோம். வினை முற்றுப்பெற்றபின் கிடைக்கும் இறுதி அளவிலிருந்து ஒவ்வோர் அளவையும் கழித்து, வித்தியாசத்தின் மடக்கையை நேரத்துக்கு எதிரே குறிக்கிறோம். நேர்கோடு வருகிறது. 'இது முதல் வகை வினை' என்று எழுதிவிட்டு வெளியேறுகிறோம். அந்த நேர்கோடு உண்மையில் எதை மெய்ப்பித்தது? இதுவே என் கேள்வி.

இயற்பியல் ஆசிரியருக்கு இங்கென்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். 1850இல் ஜெர்மானியரான வில்ஹெல்மி, அமிலத்தில் கரும்புச் சர்க்கரை சிதையும் வேகத்தை அளந்து அதற்கொரு விதி கண்டார். அவர் கையாண்டது ஓர் ஒளியியல் முறை. சர்க்கரைக் கரைசல் ஒளியின் தளத்தை வலப்புறம் திருப்பும். சிதைந்தபின் இடப்புறம் திருப்பும். இத்திருப்பத்தைப் போலாரிமீட்டரில் படித்தால், கரைசலைத் தொடாமலே வினை எவ்வளவு நடந்துள்ளது என்று அறியலாம். எனவே இத்துறையில் எங்களுக்கும் சிறிது உரிமை உண்டு.

நம் சோதனையின் முதற்குறை, அதை மிக விரைவில் நிறுத்திவிடுவது. ஒரே வினைபடுபொருள் உள்ள வினையை எடுத்துக்கொள்வோம். அது 10 சதவீதம் நடக்க ஆகும் நேரத்தை 1 எனக் கொண்டால், 20 சதவீதம் நடக்கச் சுழி வகையில் 2.00, முதல் வகையில் 2.12, இரண்டாம் வகையில் 2.25 ஆகும். இந்தச் சிறு வேறுபாடு பியூரெட் பிழையில் மறைந்துவிடும். எந்த வகையாகக் கொண்டு வரைந்தாலும் ஏறக்குறைய நேர்கோடே வரும். பாதி நடக்க ஆகும் நேரத்தை 1 எனக் கொண்டு, முக்கால் பங்கு வரை பொறுத்திருந்து பாருங்கள். அம்மூன்று வகைகளுக்கும் முறையே 1.5, 2, 3 எனத் தெளிவாகப் பிரிந்து நிற்கும்.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. கலவையில் லிட்டருக்குச் சுமார் 0.6 மோல் எஸ்டர் இருந்தால், நீர் 50 மோலுக்கும் மேல் இருக்கிறது. எஸ்டர் முழுதும் தீர்ந்தாலும் நீரின் செறிவு மாறியதாகவே தெரியாது. அமிலமோ வினையூக்கி, அது குறைவதே இல்லை. ஆகவே நேர்கோடு எஸ்டரைப் பற்றி மட்டுமே பேசுகிறது. பாடநூல்கள் 'போலி முதல் வகை' என்று ஒரு வரி எழுதத்தான் செய்கின்றன. ஆயின் அமிலத்தின் செறிவை இருமடங்காக்கி, வேக மாறிலியும் ஏறத்தாழ இருமடங்காவதை மாணவர் தம் கண்ணால் காண எத்தனை ஆய்வுக்கூடங்கள் இடமளிக்கின்றன?

மூன்றாவதைச் சொல்ல எனக்கே கூச்சம். மாணவனாக இருந்தபோது, கோட்டை விட்டு விலகிய கடைசி இரண்டு புள்ளிகளை ரப்பரால் அழித்தவன் நான். முழு மதிப்பெண் கிடைத்தது. அவை ஏன் விலகின என்பது ஆசிரியரான பிறகே விளங்கிற்று. இறுதி அளவுக்கும் அப்போதைய அளவுக்கும் வித்தியாசம் 0.4 மி.லி. என்று வையுங்கள். ஒவ்வோர் அளவிலும் 0.1 மி.லி. பிழை நேரலாம் என்றால், வித்தியாசத்தில் 0.2 மி.லி. வரை, அதாவது பாதியளவு பிழை புகலாம். வினை முடியும் தறுவாயில் புள்ளிகள் சிதறுவது இயல்பே. விடையை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்துவிட்டு அந்த விடைக்கு மதிப்பெண் தரும் முறை, இவ்வியல்பை மறைக்கவே மாணவரைப் பழக்குகிறது.

இச்சோதனையை நீக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. எளிய கருவிகளைக் கொண்டு மூலக்கூறுகளின் வேகத்தை அளக்கச் செய்யும் நல்ல சோதனை இது. முக்கால் பங்கு வரை தொடருங்கள். அமிலத்தை மாற்றி மீண்டும் செய்யுங்கள். விலகிய புள்ளியையும் குறித்து, காரணத்தை அருகில் எழுதுங்கள். வினைவகை சமன்பாட்டைப் பார்த்துச் சொல்வதன்று, சோதனையால் காண்பது என்று வகுப்பில் ஓயாமல் சொல்கிறோம். ஆய்வுக்கூடத்திலும் அதை மெய்யாக்க வேண்டாமா? அடுத்த முறை ரப்பரைக் கையில் எடுக்குமுன் சற்றே சிந்தியுங்கள்.