பயிற்சி மலையாளத்தில், வகுப்பு தமிழில்

கேரளம் தன் ஆசிரியர்களைக் கணினிக்குப் பழக்கிய விதத்தைப் பாராட்ட எனக்குத் தயக்கமே இல்லை. 2001இல் ஐ.டி. அட் ஸ்கூல் என்ற பெயரில் தொடங்கிய திட்டம், 2017இல் கைட் என்ற அரசு நிறுவனமாக வளர்ந்தது. அதன் பெரும் பலம், ஆசிரியருக்கு ஆசிரியரே கற்றுத் தருவதுதான். மாவட்டந்தோறும் இருக்கும் மாஸ்டர் ட்ரெயினர்கள் வகுப்பறையிலிருந்து வந்தவர்கள். பாடத்தின் நடுவே ப்ரொஜெக்டர் நின்றுவிட்டால் பிள்ளைகளின் கவனம் எங்கே போகும் என்பது அவர்களுக்குத் தெரியும். உயர்நிலைப் பள்ளிகளில் எஸ்.ஐ.டி.சி. என்ற கணினிப் பொறுப்பாசிரியரும் உண்டு. கருவி விற்ற நிறுவனத்தின் ஆள் ஒருநாள் வந்து விளக்கிவிட்டுப் போகும் முறையோடு இதை ஒப்பிடவே முடியாது.

கட்டற்ற மென்பொருளைத் தேர்ந்ததும் அதே அளவு தொலைநோக்கான முடிவு. உரிமக் கட்டணம் இல்லாததால் பள்ளிக் கணினியில் இருப்பதையே ஆசிரியர் தன் வீட்டு லேப்டாப்பிலும் நிறுவிப் பழகலாம். ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் முக்கோணத்தின் முனையை இழுத்து, கோணங்கள் மாறினாலும் கூட்டுத்தொகை 180 பாகையாகவே நிற்பதைக் காட்டும் கணித ஆசிரியர், கரும்பலகையால் முடியாத ஒன்றைச் செய்கிறார். 2018இல் தொடங்கிய ஹைடெக் பள்ளித் திட்டம், எட்டு முதல் பன்னிரண்டு வரையான 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப்பும் ப்ரொஜெக்டரும் கொண்டுவந்தது. கருவிக்கு முன்பே பயிற்சி வேரூன்றியிருந்ததால்தான் அவை பெட்டிக்குள் உறங்கவில்லை.

இத்தனையும் தமிழ்நாட்டு எல்லைக்கு வரும்போது என்ன ஆகிறது? பாலக்காட்டில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம். இடுக்கியில் மூணாறு, மறையூர், வண்டிப்பெரியாறு. இங்கெல்லாம் தமிழ்வழி வகுப்புகள் நடக்கின்றன. அங்குள்ள ஆசிரியருக்கு மலையாளம் நன்றாகப் புரியும். மலையாளத்தில் நடக்கும் பயிற்சியில் எல்லோரோடும் உட்கார்ந்து கேட்கிறார், செய்கிறார், தேறுகிறார். அதனால் குறை இருப்பதே மேலிடத்தின் கண்ணில் படுவதில்லை. பயிற்சி முடிந்த மறுநாள்தான் வேறுபாடு தொடங்குகிறது. மலையாள வகுப்பு ஆசிரியர் காணொளியையும் பயிற்சித்தாளையும் அப்படியே திரையில் போடலாம். தமிழ்வழி ஆசிரியரோ ஒவ்வொன்றையும் மொழிபெயர்க்க வேண்டும், தட்டச்சு செய்ய வேண்டும், படங்களின் குறிப்புகளை மாற்ற வேண்டும். கைட்டின் சமக்ரா வளத் தளத்தில் தமிழ்ப் பாடநூல்கள் கிடைக்கின்றன. பாடத்துக்குத் துணையான வளங்கள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும்தான் நிறைந்திருக்கின்றன. ஒரே பயிற்சி ஒருவருக்குச் சுமையைக் குறைக்கிறது, மற்றவருக்கு இரவு வேலையைக் கூட்டுகிறது. அந்த இரவு வேலைக்கான திறன் எந்தப் பயிற்சி அட்டவணையிலும் இல்லை.

தட்டச்சையே எடுத்துக்கொள்வோம். கேரளத்தில் இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை பழக்கப்படுகிறது. இந்திய மொழிகள் அனைத்துக்கும் ஒரே ஒழுங்கில் அமைந்தது அது. மலையாளத்தில் பழகியவர் அரைமணி நேர உதவியில் தமிழிலும் அடிக்கத் தொடங்கலாம். தமிழ்நாட்டு அரசு ஏற்ற தமிழ்99 வேறு அமைப்பு. எதைக் கற்பது என்று எல்லைப் பள்ளி ஆசிரியருக்கு யாராவது ஒருமுறை சொல்லியிருந்தால் போதும்; சொல்லாததால் பலர் கைபேசியில் ஒலிபெயர்ப்பு முறையோடு நின்றுவிடுகிறார்கள். சிறிய விஷயம்தான். ஆனால் தேர்வுத்தாளைத் தானே அடிக்க முடியாத ஆசிரியரிடம் மின்பாடம் தயாரிக்கச் சொல்வது நியாயமில்லை.

பெருந்தொற்றால் பள்ளிகள் மூடியிருந்தபோது, 2020 ஜூன் 1 அன்று தொடங்கிய ஃபர்ஸ்ட் பெல் வகுப்புகள் இந்தப் பிளவை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. மலையாள வகுப்புகள் கைட்டின் விக்டர்ஸ் தொலைக்காட்சியில் வந்தன. தமிழ் வகுப்புகள் முதன்மையாக யூடியூப் வழியே வந்தன. தமிழ்ப் பிள்ளைகளில் கணிசமானோர் தேயிலைத் தோட்ட லயங்களில் வாழ்பவர்கள். மூணாறு அருகே இராஜமலைப் பகுதியில் கைபேசி ரேஞ்ச் தேடி வீட்டைவிட்டுத் தொலைவு போன மாணவர்களைப் பற்றிச் செய்திகள் வந்தன. இணையம் மிக மெலிந்த இடத்துக்கு இணையத்தை மிகுதியாகத் தின்னும் வழி போய்ச் சேர்ந்தது. குறுகிய காலத்தில் தமிழ்ப் பாடங்களைப் படம்பிடித்த ஆசிரியர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். கேமரா முன் நிற்கவும், ஒலியைச் சீராக்கவும், சிறிய கோப்பாகச் சுருக்கி அனுப்பவும் அவர்களுக்கு முன்பே பயிற்சி கிடைத்திருந்தால் அந்த உழைப்பு இன்னும் பல வீடுகளை எட்டியிருக்கும்.

2024 மே மாதம், எட்டாம் வகுப்பு முதல் கற்பிக்கும் 80,000 ஆசிரியர்களுக்குச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி தொடங்கியது. 25 பேர் கொண்ட குழுக்கள், மூன்று நாள். போலிக் காணொளிகளின் ஆபத்தையும் சேர்த்துச் சொன்னது நல்ல முடிவு. ஆனால் இக்கருவிகள் ஆங்கிலத்தில் தரும் துல்லியத்தைத் தமிழில் தருவதில்லை. கேரளத் தமிழ்ப் பாடநூலின் கலைச்சொற்களும் தமிழ்நாட்டுப் பாடநூலின் கலைச்சொற்களும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. கருவி எழுதிய வினாவைத் தன் பாடநூலோடு ஒப்பிட்டுத் திருத்தும் பழக்கம்தான் இங்கே முதல் பாடமாக இருந்திருக்க வேண்டும்.

பாட அறிவு, கற்பிக்கும் அறிவு, கருவி அறிவு மூன்றும் கலக்கும் இடத்தில்தான் நல்ல வகுப்பு பிறக்கிறது என்று 2006இல் மிஷ்ராவும் கோலரும் எழுதினார்கள். கைட் பயிற்சியில் கருவி அறிவுக்குக் குறைவில்லை. பாடத்தோடு அது கலக்கும் இடம் மலையாள வகுப்புக்கு ஏற்றபடி அமைந்துவிட்டது.

தமிழ்வழி ஆசிரியர்கள் எண்ணிக்கையில் குறைவு, தனி ஏற்பாடு கட்டுப்படியாகாது என்று அதிகாரிகள் சொல்லலாம். எண்ணிக்கை குறைவு என்பதே எனக்கு வசதியாகப் படுகிறது. இரு மாவட்டங்களின் தமிழ்வழி இயற்பியல் ஆசிரியர்களை ஓர் அறையில் கூட்டிவிட முடியும். சித்தூரிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு வழியாக மறையூருக்குப் பாதை இருக்கிறது. அது தமிழ்நாட்டைக் கடந்தே போகிறது. 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும் 2023இல் வந்த மணற்கேணி செயலியும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. பாடத்திட்டம் வேறு என்பதால் அவற்றை அப்படியே எடுக்க முடியாது. உரிய அனுமதியோடு வேண்டிய பகுதியை வெட்டி, குரலை மாற்றி, கேரளப் பாடநூலின் சொல்லைப் பொருத்த வேண்டும். இதற்கு உதவ, பள்ளிகளில் கைட் நடத்தும் லிட்டில் கைட்ஸ் கணினி மன்ற மாணவர்கள் இருக்கிறார்கள். அசைவூட்டமும் மலையாளக் கணிமையும் அவர்கள் பாடத்திலேயே உண்டு, தமிழ்ப் பள்ளிகளில் அந்த இடத்தில் தமிழ்க் கணிமையை வைக்கலாம்.

இப்படிக் கூட்டும் முகாம் ஒரு மென்பொருளின் பெயரில் நடக்கக் கூடாது. எட்டாம் வகுப்பின் ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு, தயாரித்ததை அடுத்த வாரமே வகுப்பில் நடத்தி, பிள்ளைகளுக்கு எங்கே புரியவில்லை என்று குறித்துக்கொண்டு, அதே குழு ஒரு மாதத்தில் மறுபடி கூட வேண்டும். அந்த இரண்டாம் கூட்டத்துக்குப் பயணப்படியும் பணிவிடுப்பும் அரசாணையில் இடம்பெற வேண்டும்.